வாரேன்மா, பொறு

"…குரல் எப்படிக் கணீர்னு இருக்கு பாரு தம்பி. இதப் போயி சும்மா வெச்சிருக்கிறதா?" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன்.

அவர் கையில் இருந்தது ஒரு காலத்தில் என்னுடையதாக இருந்த போன். அதில் பேசிக்கொண்டிருந்தது அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிட்டவர். அக்கா இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அது. வாடகை நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்க என் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தோம். நடுவில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோதுதான் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் போட்டுக் காட்டினார்.

அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய் அவர் ஒரு காரியம் செய்தார். அதைச் சொல்வதற்கு முன்னால் மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவரை முழுக் கெட்டவர் என்று நீங்கள் முடிவுகட்டிவிடுவீர்கள். முழுக் கெட்டவரைப் பற்றி உட்கார்ந்து எழுத எனக்கென்ன வேலை.

ஈப்போவில், ஜெலாப்பாங் பக்கம், வரிசை வீடுகள். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். மெல்லிய சுவர். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் என் மனைவி குனிவாள். நான் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறேன். காலை ஷிஃப்டை இறக்கிவிட்டால் மத்தியானம் வரை வீட்டில்தான். அண்ணனும் அதே தொழிற்பேட்டையில் முப்பது வருடம் இயந்திரங்களைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர்.

எங்கள் தாமானில், இந்தக் குடியிருப்பில், யார் வீட்டில் போன் பழசானாலும் அது கடைசியில் அவருடைய சாப்பாட்டு மேசைக்குத்தான் வந்து சேரும். கடைக்காரன் "ரோசாக்" என்று கையை விரித்துவிடுவான். கெட்டுப்போனது, தூக்கிப் போடு என்று அர்த்தம். அந்த வார்த்தையைக் கேட்டாலே அண்ணனுக்கு முகம் சுருங்கும்.

"கெட்டுப்போச்சுன்னு ஒண்ணு கெடையாதுலா. வேலைய மாத்திக் குடுக்கணும், அவ்ளோதான்."

மாத்திக் கொடுப்பார். ஒரு போனுக்கு ஒரு வேலைதான். ரெண்டு வேலை குடுத்தா ரெண்டையும் கெடுக்கும், மனுசன் மாதிரி, என்பார். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டுநாடாவில் அதன் வேலையை எழுதி ஒட்டியிருப்பார். 'அடுப்பு' குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிக்கொண்டு குக்கர் விசிலை எண்ணும், மூன்றானதும் கத்தும். 'சாமி' சாயங்காலம் ஆறு மணிக்குத் தானாகப் பாட ஆரம்பிக்கும். 'கண்ணு' மாத்திரை அட்டையில் உள்ள பொடி எழுத்தைப் பூதமாக்கிக் காட்டும். 'அளவு' சுவரில் படம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு, தெருவே அதைக் கடன் வாங்கும். 'கேட்' சன்னல் கம்பியில் கட்டியிருந்து வாசலைப் பார்க்கும். இன்னொன்றை நீளக் கம்பில் கட்டி மேல்கூரைக்குள் விட்டு, எலி எங்கே குட்டி போட்டிருக்கிறது என்று கீழே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தபடியே பார்ப்பார்.

"நீங்க வேலைக்குப் போறதவிட அவர் வீட்டுச் செத்த போனுங்க ஒழுங்கா வேலைக்குப் போவுதுங்க" என்று என் மனைவி என்னிடம் சொல்லுவாள்.

என்னுடைய போன் வேன் சக்கரத்துக்கு அடியில் போனது. திரையின் மேல்பாதி கறுத்துவிட்டது. குப்பையில் போடப் போனவனைச் சுவரோரம் நின்று பிடித்துக்கொண்டார்.

"காது கேக்குதா?"

"கேக்குதுண்ணே."

"வாய் பேசுதா?"

"பேசுது."

"கண்ணு பாதிதானே போச்சு. அதுக்குப் போயி குழி தோண்டுவியா? குடு இங்க."

கொடுத்தேன். அப்போது அதற்கு வேலை எதுவும் காலியாக இல்லை. மேசை ஓரத்தில் பெயர் இல்லாமல் கிடந்தது.

காலை ஐந்தரை மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பெரட்டு நடக்கும். அண்ணனுடைய அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். வெளிச்சம் வருவதற்கு முன்னால் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார். தோட்டத்தில் அதற்குப் பெரட்டு என்று பெயர். தோட்டத்தை விற்று, மரங்களைச் சாய்த்து, இன்றைக்கு அங்கே இரட்டை மாடி வீடுகள் நிற்கின்றன. பெரட்டு மட்டும் அண்ணனின் சாப்பாட்டு மேசைக்குக் குடிவந்துவிட்டது.

"அடுப்பு?" என்பார். எடுத்து பேட்டரியைப் பார்ப்பார். "எண்பது. போ." அடுத்து, "சாமி? முப்பதுதானா? பாட்டே ஒரு மணி நேரம்தான், மிச்ச நேரம் என்னா செஞ்சே? ஒனக்கு இன்னிக்கு எம்சி." எம்சி என்றால் எங்கள் ஊரில் மருத்துவ விடுப்பு. நானும் மனைவியும் இந்தப் பக்கம் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு சத்தம் வராமல் சிரிப்போம். எனக்கு அலாரமே தேவைப்படவில்லை.

ஒரு தடவை கோப்பிக் கடையில் அப்பாவின் பெரட்டைப் பற்றிச் சொன்னார்.

"இருட்டுல மொகம் தெரியாது தம்பி. காய்ச்சக்காரி, பிள்ளத்தாச்சி, எவளாச்சும் ஒருத்தி வந்திருக்க மாட்டா. பக்கத்துல நிக்கிறவ கொரல மாத்தி 'இருக்கேங்க'ம்பா. எங்கப்பாவுக்குத் தெரியும்லா. ஆனா கண்டுக்க மாட்டாரு. பேரு கூப்பிட்டேன், பதிலு வந்துச்சு, பொஸ்தகத்துல கோடு போட்டாச்சு. அதுக்கு மேல என்னா வேணும்?"

மேசையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். கடைக்காரச் சீனருக்கு அவர் அதை மலாயில் ஒரு தடவை சொல்ல, அவரும் சிரித்தார். நான் அதை ஒரு நல்ல மண்டோரின் கதையாகக் கேட்டுக்கொண்டேன்.

கோப்பிக் கடையில் அண்ணன் அப்படித்தான். எல்லாரோடும் பேசுவார், எல்லாருடைய போனையும் பிரித்துப் போடுவார், எவன் சோகமாக வந்தாலும் சிரிக்கவைத்து அனுப்புவார். வீட்டுக்குள் நுழைந்தால் போன்களோடுதான் பேச்சு.

அக்கா தமிழ்ப்பள்ளிக் கண்டினில் சமைத்தவர். இடைவேளை மணி அடித்தால் பள்ளிக்கூடமே வந்து மேசையில் மோதும். அத்தனை இரைச்சலுக்கும் மேலே அக்கா "வரிசை" என்று ஒரு சொல்தான் சொல்வார். எறும்பு மாதிரி நின்றுவிடுவார்களாம். ஒரு காலையில் குளியலறையில் விழுந்தார். பக்கவாதத்தில் இடது கையும் இடது காலும் போய்விட்டன. குரல் போகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து என் வேனில்தான் கூட்டி வந்தோம். வாசலில் இறக்கும்போது அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்து, "பாதி நல்லாத்தானே இருக்கு. பாத்துக்கலாம்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அக்காவும் சிரித்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

இரண்டாம் வாரமே அக்காவுக்கு வேலை கொடுத்துவிட்டார். சன்னலில் இருந்த 'கேட்' பார்ப்பதெல்லாம் இன்னொரு போனில் தெரியும்படி செய்து, அதைக் கட்டிலுக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டார். "சும்மா படுத்திருந்தா ஒடம்பு மறந்துரும். நீ கேட்டப் பாரு. ஆளு வந்தா கூப்பிடு." அக்கா அதை விரும்பித்தான் செய்தார். தெரு தெரிகிறதே. "ஏங்க, மீன்காரன் வந்திருக்கான்." "ஏங்க, பொட்டலம் கொண்டாந்திருக்காங்க." "ஏங்க, கேட்டுல யாரோ நிக்கிறாங்க, வாங்களேன்." நாள் முழுக்கச் சுவர் வழியாக எங்களுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்.

காலைப் பெரட்டில் போன்களெல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக அறைப் பக்கம் திரும்பி "நீ?" என்பார்.

"இருக்கேன்" என்பார் அக்கா.

ஒரு நாள் அக்கா, "எனக்கு இன்னிக்கு எம்சி" என்றார்.

"யாரு குடுத்தா?" என்றார் அண்ணன்.

அன்றைக்கு நாங்கள் தேநீர் சிந்தச் சிரித்தோம். இப்போது நினைத்தால், அக்கா சிரித்த சத்தம் வரவில்லை என்பது ஞாபகம் வருகிறது. அப்போது அதை யார் கவனித்தார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் பார்த்துக்கொண்டதைப் போல எவனும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். காலையில் உடம்பு துடைப்பார், துணி மாற்றுவார், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைப்பார், அதற்கும் ஒரு போன் மணியடிக்கும். தைலம் தேய்ப்பார், தலை சீவிச் சடை பின்னுவார். வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி அசந்துபோனாள். "படுக்கப் புண்ணு ஒண்ணு காட்டு பாப்போம்" என்று அவர் என்னிடமே சவால் விட்டிருக்கிறார். என் மனைவி அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

செய்வதெல்லாம் செய்வார். உட்கார மட்டும் மாட்டார். அந்த அறையில் ஒரு நாற்காலி கிடையாது.

பெயரில்லாமல் கிடந்த என் போனுக்கு அப்போதுதான் வேலை கிடைத்தது. ஒரு நாள் அதை எடுத்துக்கொண்டு என் வேனில் ஏறி, கண்ணாடியை எல்லாம் ஏற்றச் சொன்னார். சத்தம் கேட்டால் அதைப் பதிந்துகொண்டு, பதிலுக்கு நாம் முன்பே பேசிவைத்த குரலை ஒலிக்கும் ஒரு வித்தையை அதில் மூன்று நாள் உட்கார்ந்து ஏற்றியிருந்தார்.

"எதுக்குண்ணே?"

"நான் பின்னாடி துணி காயப் போடுறப்போ, குளிக்கிறப்போ கூப்பிடுறா. பதிலு இல்லேன்னா பயந்துர்றா. பாவம்லா."

எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. உண்மையாகச் சொல்கிறேன்.

"வாரேன்மா. பொறு, இங்கதான் இருக்கேன்." இதுதான் வசனம். ஐந்து தடவை பேசிப் பதிந்தார். முதல் தடவை திட்டுவது போல் இருந்தது. இரண்டாவதில் அவர் அப்பா மண்டோர் வந்துவிட்டார். மூன்றாவதைப் பேசும்போது, வேனுக்கு வெளியே எங்கள் வீட்டுப் பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு மதில் ஏறியது. அதைப் பார்த்துக்கொண்டே பேசியதால் குரல் தானாக இறங்கி, குழைந்து வந்தது. நான்காவதும் ஐந்தாவதும் ஞாபகம் இல்லை.

"எது நல்லாருக்கு?"

"மூணாவதுதாண்ணே. அதுலதான் அன்பு இருக்கு."

"அப்படியா? எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் கேக்குது" என்றார். ஆனாலும் என் பேச்சைக் கேட்டு மூன்றாவதையே வைத்துக்கொண்டார். முதுகில் 'வாரேன்' என்று எழுதி ஒட்டினார்.

சில வாரம் கழித்து ஒரு முற்பகலில் கோப்பிக் கடையில் மீ, நூடுல்ஸ்தான், வாங்க இறங்கினேன். அண்ணன் நடுமேசையில் இருந்தார். கடைக்காரருக்கு ஒரு பழைய போனைப் பாத்திரம் கழுவும் இடத்தில் காமிராவாகப் பொருத்திக் கொடுத்துவிட்டு, அதில் தெரிந்த கடைக்காரரின் வழுக்கையைப் பற்றி ஏதோ சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். கையை ஆட்டினேன், அவரும் ஆட்டினார். வீட்டுக்கு வந்து வேனை அணைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல்.

"ஏங்க."

"வாரேன்மா. பொறு, இங்கதான் இருக்கேன்."

மூன்றாவது. அதே குழைவு. நான் கையில் மீ பொட்டலத்தோடு நின்றேன்.

"ஏங்க… வாங்களேன்."

"வாரேன்மா. பொறு, இங்கதான் இருக்கேன்."

அவர்கள் வீட்டுச் சாவி ஒன்று எங்கள் வீட்டில் தொங்கும். திறந்துகொண்டு போனேன். அக்கா கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ நெசமாவே வந்திருக்கியா?"

மூக்குக் கண்ணாடி நழுவித் தலையணைக்குப் பின்னால் விழுந்திருந்தது. அது இல்லாமல் கேட் தெரியவில்லை. அதற்குத்தான் அவ்வளவு கூப்பிட்டிருக்கிறார். எடுத்து மாட்டிவிட்டேன். தலைமாட்டில் இருந்த என் போனை நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"மொத மூணு நாளு எனக்குத் தெரியாது தம்பி. கூப்பிட்ட ஒடனே பதிலு. முப்பது வருசத்துல எங்கிட்ட இத்தன வாட்டி, இவ்ளோ அன்பா பேசினதே கெடையாது. ஒடம்பு விழுந்தப்புறம் மனுசன் மாறிட்டாருன்னு சாமியக் கும்பிட்டுக்கிட்டேன்லா."

"அப்புறம் எப்படித் தெரிஞ்சிச்சு அக்கா?"

"நாலாம் நாளு தும்மினேன். அதுக்கும் வாரேன்மான்னுச்சு."

அவர் சிரித்தார், ஒரு பக்கத்தால். நான் அண்ணனிடம் பேசுகிறேன் என்றேன். உயிர் இருக்கிற பக்கத்துக் கையை நீட்டி என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"பேசாத. எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு தெரிஞ்சா, இது இங்க வேலைக்கு ஆகலன்னு கழட்டி வேற எடத்துல மாட்டிருவாரு. இப்ப அதாச்சும் பதிலு சொல்லுது."

"சரிக்கா. நான் தெனம் மத்தியானத்துக்கு முன்ன ஒரு எட்டு வாரேன்."

"வந்தா வா தம்பி. வாரேன்னு மட்டும் சொல்லாத. அத அதுவே சொல்லுது."

எங்கள் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் முக்காலியை எடுத்துக்கொண்டு போனேன். ஒன்பது நாள் போனேன். அக்கா பேசுவார், நான் கேட்பேன். கண்டின் கதை, பிள்ளைகள் கதை. நடுவில் எங்கள் பேச்சுச் சத்தத்துக்கும் போன் விடாமல் வாரேன்மா, வாரேன்மா என்று குறுக்கே வரும். "நீ வேற, சும்மா இரு" என்று அக்கா அதை அதட்டுவார். அதற்கும் அது வாரேன்மா என்னும். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்புத் தாங்காது. பத்தாம் நாள் எனக்குக் கூடுதலாக ஒரு சவாரி வந்தது. அடுத்த நாள் களைப்பு. அதற்கடுத்த நாள், நேற்றுப் போகாதவன் இன்றைக்கு எந்த முகத்தோடு போவது என்று இருந்துவிட்டேன். சுவர் மெல்லியதுதான். ஆனால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் கேட்காது.

அண்ணனிடம் ஒரே ஒரு தடவை ஜாடையாகச் சொன்னேன், கோப்பிக் கடையில்தான்.

"அண்ணே, கொஞ்சம் முன்னாடியே வீட்டுக்குப் போலாம்ல? அக்கா தேடுவாங்க."

"கூப்பிட்டா பதிலு போவுதுல்ல?"

"பதிலு போவுது…"

"அப்புறம் என்னா?" என்றார். கோப்பியை ஆற்றிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "மனுசன் ரெண்டு மணி நேரம் மூச்சு விட வேணாமா தம்பி? மிச்ச இருபத்திரண்டு மணி நேரம் யாரு பாக்கிறா, நீயா?" என்றார்.

முக்காலி அந்த அறையில் கிடந்தது, நான் இங்கே இருந்தேன்.

அக்கா போன அன்றைக்கு நான் காம்பாருக்குச் சவாரி போயிருந்தேன். என் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். பன்னிரண்டரைக்கு அண்ணன் அக்காவுக்குப் பிடித்த மீயை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. இரண்டாவது தாக்கு என்றார் டாக்டர். நான் வந்து சேர்ந்தபோது அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார், மீ பொட்டலம் இன்னும் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஐந்தரைக்குப் பெரட்டு நடந்தது. அடுப்பு, சாமி, கண்ணு, அளவு, கேட். எல்லாம் முடிந்தன. பழக்கத்தில் "நீ?" என்று கேட்டுவிடுவாரோ என்று நானும் மனைவியும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கேட்கவில்லை. "வாரேன்?" என்று என் போனைக் கூப்பிட்டார். "நூறு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இனி அந்தப் பதினேழாம் நாள்.

நாற்காலிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தோம் என்றேன் அல்லவா. அந்த வீட்டில் அத்தனை நாற்காலிகளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர்களுடைய ஒரே மகள் ஜொகூரில் வேலை பார்க்கிறவள், உள்ளே பை கட்டிக்கொண்டிருந்தாள். போகிற வழியில் அவளைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. முந்தின நாள் அவள் என்னிடம், "அம்மா கொரலு எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல மாமா. தெனம் பேசினோம், யாரு பதிஞ்சு வெச்சா? அப்பாகிட்டக் கேட்டேன், பாக்கறேன்னாரு" என்று சொல்லி அழுதிருந்தாள்.

அண்ணன் போனை என் பக்கம் திருப்பினார். கறுக்காத கீழ்ப்பாதித் திரையில் நீளமாக ஒரு பட்டியல். அக்கா கூப்பிட்டதெல்லாம், தேதி வாரியாக, நேரத்தோடு. சத்தம் கேட்கும்போதெல்லாம் பதிந்துகொள்ளும் போன் அல்லவா அது.

"அவ போன அன்னிக்குப் பதினோரு வாட்டி கூப்பிட்டிருக்கா" என்றார். "பதினோரு வாட்டியும் பதிலு போயிருக்கு. ஒண்ணுகூடத் தவறல தம்பி. பாதி கண்ணு போன போனு. என்னா வேலை செஞ்சிருக்கு பாரு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் தேட வேண்டியது எதுவோ அதைத் தேடினேன். அவர் விரல் பட்டியலில் மேலே போய்க்கொண்டிருந்தது. வேண்டியது அகப்பட்டதும் அழுத்தினார்.

"ஏங்க, கேட்டுல யாரோ நிக்கிறாங்க, வாங்களேன்" என்றார் அக்கா. அதன் வாலிலேயே ஒட்டிக்கொண்டு, "வாரேன்மா. பொறு, இங்கதான் இருக்கேன்."

"ரெண்டு கொரலும் விழுந்திருக்குலா. இனிமே நான் கடைக்குப் போனா வீடு பூட்டித்தானே கெடக்கும். எவனாச்சும் கேட்ட ஆட்டினா உள்ள புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் இருக்காங்கன்னு நெனப்பான்" என்றார். பிறகுதான், "குரல் எப்படிக் கணீர்னு இருக்கு பாரு தம்பி" என்று ஆரம்பித்துச் சொன்னார்.

சொல்லிவிட்டு எழுந்து போனார். சத்தம் கேட்டால் இனி இந்தப் பதிவே ஒலிக்கும்படி போனில் மாற்றினார், முதுகிலிருந்த 'வாரேன்' என்ற நாடாவை உரித்தார். மழை படாமல் அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, கேட்டின் உள்பக்கம், கொண்டிக்குப் பக்கத்தில், கம்பியோடு சேர்த்து நான்கு சுற்றுச் சுற்றிக் கட்டினார். இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

மகள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். "வாரேன்பா" என்று அவர் தோளைத் தொட்டாள். கொண்டியைத் தூக்கினாள். இரும்பு கிணுகிணுத்தது.

"ஏங்க, கேட்டுல யாரோ நிக்கிறாங்க, வாங்களேன்."

பை அவள் கையிலிருந்து விழுந்தது.

"வாரேன்மா. பொறு, இங்கதான் இருக்கேன்."

அவள் கேட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்புறம் திரும்பினாள். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"அம்மாகிட்ட நீங்க இப்படியா பேசுவீங்கப்பா? இவ்ளோ ஆசையாவா? எனக்குத் தெரியாமப் போச்சேப்பா. ஒங்களக் கல்லு மாதிரின்னே நெனச்சிருந்தேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் குனிந்து பையை எடுத்து, அதில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன்.

அவர் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டார். கழற்றி அவளிடம் கொடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். சத்தத்தை இரண்டு கட்டம் ஏற்றினார். மகளைத் தோளில் பிடித்து மெல்ல ஒதுக்கிவிட்டு, கேட்டைச் சாத்தி, ரோட்டுப் பக்கம் நின்றுகொண்டு, கொண்டியை மறுபடி ஆட்டினார்.